கறிக்கூறும் ஒரு இங்கிலீஷ் சொல்லும்

பெட்ரீசியாவுக்கு அன்றைக்கு ஒரே ஆசைதான். லியோனார்டை நாலு பேர் பார்க்கத் தோற்கடிக்க வேண்டும். தோற்கடித்துவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூமுட் மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும். லூமுட் மாப்பிள்ளை கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அவரை நினைத்தால் பெட்ரீசியாவுக்குச் சந்தோஷம் என்று சொல்லவும் ஒன்றும் கிடையாது, அது வேறு விஷயம். பதிலை நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, ஈப்போ. கோயில் மண்டபத்தில் இளைஞர் சங்கங்களுக்குள் இங்கிலீஷ் சொற்போட்டி. பிள்ளைகளெல்லாம் மலாயில் படித்து இங்கிலீஷைக் கைகழுவிவிட்டார்கள் என்று பங்குச் சாமியாருக்குக் கவலை. அந்தக் கவலையில் பிறந்த போட்டி இது. விதி எளிது. சாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சொல்லை எடுப்பார். பார்க்க அப்பாவியான சொல்லாகத்தான் இருக்கும், உள்ளே ஏகப்பட்ட அர்த்தம் ஒளிந்திருக்கும். மேடையில் எதிரெதிரே நிற்கும் இருவரும் மாறி மாறி ஆளுக்கோர் அர்த்தம் சொல்ல வேண்டும். அதே பொருளுள்ள வேறொரு சொல்லும், பொருத்தமான வாக்கியமும் கூடவே வர வேண்டும். விழித்துக்கொண்டு நின்றால் நடுவர் அருளப்பன் மாஸ்டர் மணியை அடித்துவிடுவார். ஒரு தப்புக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது தப்புக்குக் கிடையாது. ஒருவர் விழுந்த பிறகு மற்றவர் இன்னும் ஓர் அர்த்தம் சொன்னால்தான் வெற்றி, இல்லாவிட்டால் சமம்.

முதல் பரிசு, ஆள் உயரத்துக்கு நிற்கும் மின்சாரக் காத்தாடி. இரண்டாம் பரிசு, பூப்போட்ட பிளாஸ்க். இரண்டையும் மேடையின் நடுவில் மேசை போட்டு, மாலை போடாத குறையாக வைத்திருந்தார்கள்.

அந்தக் காத்தாடியைப் பார்க்க ஆயர் தாவார் பக்கத்துக் கல்லுப்பாலத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். வராமல் இருப்பார்களா? இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு பேருமே அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே நடுச்சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்து வளர்ந்தவர்கள். அது போதாதென்று, கல்யாணம் வரை வந்து நின்றுபோனவர்கள். சினிமாக் கொட்டகையில் காசு கொடுத்தாலும் இப்படிக் கிடைக்குமா? செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் எல்லாம் சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து முன் வரிசையைப் பிடித்துவிட்டார்கள்.

கல்யாணம் நின்ற காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர் சிரிப்பார். தோட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு லயத்துக் கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்து ஒரு பன்றியை வாங்கி, வெட்டி, வாழையிலையில் கூறு போடும். அவனுக்கு நல்ல கறி, இவனுக்கு எலும்பு என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸில் திரும்பி நின்றவன் லியோனார்ட். தொட்டுக் கேட்டவர் அவன் அப்பா ஆம்புரோஸ். அதற்குள் கோயிலில் லியோனார்டுக்கும் பெட்ரீசியாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அந்த ஓலை. மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான்.

“இது யாருக்கு?”

“செபாஸ்டியன் மாமாவுக்கு.”

செபாஸ்டியன் பெட்ரீசியாவின் அப்பா. தன் கூறைப் பார்த்தார். நாலு எலும்பு, இரண்டு குளம்பு.

“பொண்ணு குடுக்கற வூட்டுக்குக் குளம்பா?” என்று அவர் குதித்தார். “சம்பந்தின்னு ஒரு மரியாத வேணாமா? தொடக்கறிய தனியா எடுத்து அனுப்ப வேணாமா?”

“கூறு கூறுதான் மச்சான்,” என்றார் ஆம்புரோஸ். “சம்பந்திக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு பாக்கறதில்லலா.”

லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். செபாஸ்டியன் வீட்டுக்குப் போனதும் கூறை இலையோடு சுருட்டி அந்த இடைவெளி வழியே வீசினார். அது அந்தப் பக்கம் ஆம்புரோஸ் ஜோடித்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலில் போய் விழுந்தது. வைக்கோலில் படுத்திருந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு பன்றிக் குளம்பு. அதோடு இரண்டு வீடும் பேச்சை நிறுத்தின. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

பெட்ரீசியாவுக்குக் குளம்பைப் பற்றி வருத்தமில்லை. இரண்டு அப்பாக்களும் வாசலில் நின்று கத்தியபோது லியோனார்ட் வாயைத் திறக்காமல் நின்றானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. “மாமா, நான் பாக்காம சொன்னது, மன்னிச்சிக்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும்? அவள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அவனும் ஈப்போவில் நில அளவை ஆபீசில் வேலைக்கு வந்து சேர்ந்தான். தினமும் பஸ் நிலையத்தில் எதிரே வருவான். அவள் பார்வையைத் தூக்கிச் சினிமா விளம்பரத்தில் ஒட்டவைத்துக்கொள்வாள். ஒன்றரை வருஷமாக அப்படித்தான்.

இப்போது மேடையில், கைக்கெட்டும் தூரத்தில், புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றான். பார்க்காமல் இருக்க வழியில்லை.

சாமியார் டப்பாவுக்குள் கையை விட்டார். சீட்டைப் பிரித்தார்.

“கட்!” என்றார்.

“இவ்வளவுதானா?” என்று பின்வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். பெட்ரீசியா விரல்விட்டு எண்ணினாள். கட்! வெட்டு, குறைப்பு, நிறுத்தம்... எத்தனை இருக்கும்! எங்கே பிடித்து எங்கே போவது?

அவள் கண்ணை மூடிக்கொண்டு லயத்துக்குப் போனாள்.

அது அவளுக்கும் லியோனார்டுக்கும் மட்டும் தெரிந்த வித்தை. ஐந்தாம் படிவத்தில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன காலத்தில் கண்டுபிடித்தது. ஒரு இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கொள்வார்கள். அவள் குழாயடி முனையிலிருந்து லயத்தில் நடக்கத் தொடங்குவாள், மனசுக்குள்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இந்த வீட்டில் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று பார்ப்பாள். ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். அவன் அதேபோல் கள்ளுக்கடை முனையிலிருந்து வருவான். ஒருவர் வீட்டில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. நடுவில், அவர்கள் வீட்டு நடுச்சுவரில் வந்து முட்டிக்கொள்வார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் மற்றவரிடம், கட்டியிலிருந்து வெட்டித் தரும் ஐஸ்கிரீம் பொத்தோங் ஒன்று வாங்கித் தின்னலாம். அவன் எத்தனை தடவை வாங்கிக் கொடுத்தான் என்பதற்குக் கணக்கே இல்லை.

குழாயடியிலிருந்து முதல் வீடு, பிச்சைமுத்து.

“கட். ஸ்லைஸ்,” என்றாள் பெட்ரீசியா. பிச்சைமுத்து பால்மரப் பட்டையை ரொம்ப ஆழமாக வெட்டிவிட்டார் என்று ஒரு வாக்கியம், கணீரென்று இங்கிலீஷில்.

மூன்றாவது வரிசையில் பிச்சைமுத்து எழுந்து நின்றுவிட்டார். “என் பேரு வந்துச்சு! என்னா சொன்னா?”

“மரத்தக் காயப்படுத்துனீங்களாம்,” என்றாள் குழந்தையம்மாள். பெட்ரீசியாவின் அம்மா. ஒரு காலத்தில் வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவில் ஆயாவாக இருந்தவள், அதனால் தோட்டத்துக்கே மொழிபெயர்ப்பாளர்.

“பத்து வருசத்துக்கு மொந்தின கதையாச்சேலா அது!” என்று பிச்சைமுத்து உட்கார்ந்தார். ஆனால் முகமெல்லாம் பெருமை. இங்கிலீஷில் யார் அவர் பெயரைச் சொன்னார்கள் இதற்கு முன்னே?

லியோனார்டின் முறை. அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு சொன்னான்.

“கட். டைல்யூட்.” கள்ளுக்கடை ஜெயபாலன் கள்ளில் தண்ணீர் கலக்கிறார் என்று ஒரு வாக்கியம்.

குழந்தையம்மாள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மண்டபம் வெடித்தது. ஜெயபாலன், “பொய்! பொய்!” என்று துண்டை உதறினார். “எங்களுக்குத் தெரியாததா!” என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். மாஸ்டர் மணியைத் தட்டி அடக்க வேண்டியிருந்தது.

பெட்ரீசியா சிரிக்கவில்லை. ஜெயபாலன் வீடு கள்ளுக்கடை முனையில் முதல் வீடு. இவனும் லயத்தில் நடக்கிறான்! அதே முனையிலிருந்து, அதே மாதிரி! பிச்சைமுத்து வீட்டுப் பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டு!

இருக்கட்டும், நடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓடினாள்.

“கட். டிஸ்கனெக்ட்.” செல்லாயி வீட்டுக் குழாய்த் தண்ணீரை மேனேஜர் நிறுத்திவிட்டார்.

“கட். ஸ்டைல்.” கருப்பம்மாள் ரவிக்கையின் தையல் மாதிரி புதுசு. மண்டபத்தில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிக் கருப்பம்மாளின் முதுகைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“கட். ரெடியூஸ்.” சின்னையா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததால் கணக்கெழுதும் கிராணி சம்பளத்தைக் குறைத்தார்.

“கட். க்ராஸ்.” வீரம்மா லாலாங் புல்லுக்குள் குறுக்கே நடந்து சாலைக்குப் போவாள்.

“கட். க்ரோ.” மங்களம் வீட்டுக் கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிறது.

“கட். ஸ்கிப்.” அர்ச்சுனன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போனான். “டேய்!” என்று அர்ச்சுனனின் அப்பா எங்கிருந்தோ கத்தினார். அர்ச்சுனனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

மாறி மாறி வந்து விழுந்துகொண்டே இருந்தது. மேடைக்குக் கீழே சித்தி மகள் ஐவி தரையில் காலைத் தட்டித் தட்டி, “போ அக்கா! போ!” என்று கத்தினாள். தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள். தங்கள் பெயர் எப்போது வரும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள், வந்தால் ஐயோ என்றார்கள், வராவிட்டால் முகம் தொங்கிப்போனது. இப்படி ஒரு சந்தோஷம் பெட்ரீசியாவுக்கு ஒன்றரை வருஷமாக வந்ததில்லை. தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்பதை இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரு தடவை தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்தது சன்னாசி வீடு. லாரி ஓட்டுகிற சன்னாசி. யோசிக்கவே வேண்டாம்.

“கட். ஓவர்டேக்!” என்றாள். ஆயர் தாவார் சாலையில் சன்னாசி ஒரு பஸ்ஸை முந்திப் போனார்.

அருளப்பன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஓவர்டேக்கா? கட்டுக்கா? இது எந்த தேசத்து இங்கிலீஷ்?”

மண்டபம் கொந்தளித்தது. “நான் தெனம் கட் பண்றேன் சார்!” என்று சன்னாசி பெஞ்சின் மேல் ஏறினார். “இன்னிக்கு வர்ற வழியில ரெண்டு லாரியக் கட் பண்ணினேன்!”

“அது மலாய்லா!” என்று யாரோ சொன்னார்கள். “பொத்தோங்கை அப்படியே தூக்கி இங்கிலீஷ்ல போட்டுட்டோம்.”

பெட்ரீசியாவுக்கு முகம் சிவந்தது. உண்மைதான். வெட்டுவதற்கும் முந்துவதற்கும் மலாயில் ஒரே சொல். அதைப் பேசிப் பேசி, இங்கிலீஷிலும் அப்படித்தான் என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் நினைப்பு. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்குமா?

“சார்.” லியோனார்ட் ஓர் அடி முன்னால் வந்தான். “எங்க ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்றோம் சார். போலீசும் அப்பிடித்தான் சொல்றாங்க. அவங்க சொன்னது தப்பில்ல.”

எதிராளிக்காக வாதாடுகிற போட்டியாளனை மாஸ்டர் அதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “போலீஸ் இங்கிலீஷ் வாத்தியார் இல்ல தம்பி,” என்று சொல்லித் தப்பு என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார். பெட்ரீசியாவுக்கு இனி மன்னிப்பு இல்லை.

ஆனால் அவள் தீர்ப்பைக் கேட்கவே இல்லை. இவனுக்கு வாய் இருக்கிறது! அன்றைக்கு வாசலில் எங்கே போயிற்று இந்த வாய்? கோபம் வந்தது. கோபத்தோடு சேர்த்து வேறு என்னவோ வந்தது, அதற்கு அவளுக்கு அப்போது தமிழிலும் சொல் கிடைக்கவில்லை, இங்கிலீஷிலும் கிடைக்கவில்லை.

லியோனார்ட் தன் பக்கத்தில் தன் வீட்டுக்கு முந்தின வீட்டைச் சொன்னான். திடலில் திரைகட்டிப் படம் காட்டியபோது முத்தக் காட்சியை நீக்கிவிட்டார்கள் என்று அந்தோணி தாத்தா அழாத குறையாக இருந்தாராம். கட். எடிட். அந்தோணி தாத்தா இறந்து மூன்று வருஷமாகிறது. தோட்டத்து ஆட்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

இனி அவள் முறை. அவள் பக்கத்தில் மிச்சம் ஒரே வீடு. அவள் வீடு. அவன் பக்கத்திலும் ஒரே வீடு. நடுவில் அந்தச் சுவர்.

பெட்ரீசியா தன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்ன இருக்கிறது இங்கே இந்தச் சொல்லுக்கு? அம்மாவின் அரிவாள்மனையா? ஸ்லைஸ், அதை முதலிலேயே சொல்லியாயிற்று. அப்பாவின் விரலில் பட்ட காயமா? அதற்கு அவள் வாயைத் திறக்கும்போதே உள்ளே வேறொன்று கண்ணில் பட்டது. வாழையிலையில் சுருட்டிய கூறு. கட் என்றால் கறியின் ஒரு கூறு. பங்கு. சாதாரண இங்கிலீஷ், எந்த இறைச்சிக் கடையிலும் எழுதி வைத்திருப்பார்கள். இத்தனை நேரமாக இரண்டு பேரும் அதைத் தொடாமலேயே வந்திருக்கிறார்கள்.

மாஸ்டரின் கை மணிக்குப் போயிற்று.

முன்வரிசையில் இந்தக் கோடியில் அப்பா. அந்தக் கோடியில் ஆம்புரோஸ் மாமா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு பேரும் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அப்பாவின் மானம் ஈப்போ மண்டபத்தில் போகும். சொல்லாவிட்டால் மணி அடிக்கும், நாளைக்கு லூமுட்.

“கட்!” என்றாள். குரல் உடைந்தது. “ஷேர். போர்ஷன்.” பிறகு ஒவ்வொரு சொல்லாக, இங்கிலீஷில்: என் அப்பா தனக்கு வந்த கூறைச் சுவருக்கு மேலே வீசினார், அவர் வீசியிருக்கக் கூடாது.

“என்னா? என்னா சொல்றா?” என்றார் செபாஸ்டியன்.

குழந்தையம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கணவனுக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். “நீங்க செவுத்துக்கு மேல கறிய வீசுனது தப்பாம்.”

ஜெயபாலன் கூடச் சிரிக்கவில்லை. செபாஸ்டியன் எழுந்துகொள்ளப் பார்த்தார். குழந்தையம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சரியான அர்த்தம்,” என்றார் மாஸ்டர், எதுவும் புரியாமல்.

லியோனார்ட் வெளிறிப்போயிருந்தான். அவனுடைய கடைசி வீடு அவன் வீடு. அவன் தரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“கட்,” என்றான். “இக்னோர்.” தெரிந்தவரைத் தெரியாதவர் போல் ஒதுக்கிப் போவது. வாக்கியம்: அவள் தினமும் பஸ் நிலையத்தில் என்னைப் பார்க்காமல் போகிறாள், அது எனக்கு நியாயமான தண்டனைதான்.

“இதயும் சொல்லட்டுமா?” என்று கேட்டாள் குழந்தையம்மாள். அவள் குரலும் இப்போது சரியாக இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெட்ரீசியாவின் முறை. லயத்தில் வீடு தீர்ந்துவிட்டது. அவள் சும்மா நின்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு காத்தாடி மூன்றாகத் தெரிந்தது. மணி அடித்தது.

“இன்னும் ஒன்று சொன்னால் காத்தாடி உனக்கு,” என்றார் மாஸ்டர் லியோனார்டிடம். “சொல்லாவிட்டால் சமம்.”

அப்போதுதான் மண்டபத்துக்கு உறைத்தது. “முடி! முடிலா!” என்று சன்னாசி தன் தலையைத் தட்டிக் காட்டினார். “ஹேர் கட்! ஹேர் கட்!” ஐவியே எதிரணி என்பதை மறந்து கத்தினாள். உலகத்திலேயே எளிதான அர்த்தம். லயத்தில் எந்த வீட்டிலும் முடி வெட்டுகிறவர் இல்லாததால் இரண்டு பேர் காலிலும் படாமல் கிடந்தது. லியோனார்ட் வெட்டிய தலையோடு நின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, புன்னகையோடு வாயை மூடிக்கொண்டான். மாஸ்டர் மணியை அடித்தார். சமம்.

இரண்டு பேருக்கும் முதலிடம், இருப்பது ஒரு காத்தாடியும் ஒரு பிளாஸ்க்கும். சாமியார் அங்கியைத் தூக்கிச் சட்டைப்பையில் சில்லறை தேடினார், சுண்டிப் பார்க்கலாம் என்று.

“சாமி, கூறு போட்டுடலாம்,” என்றான் லியோனார்ட்.

சொல்லிவிட்டு, மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். “சார், நீங்க தொட்டுக் கேளுங்க.”

தோட்டத்து ஆட்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் விளங்கியும் விளங்காமலும் காத்தாடியின் மேல் கையை வைத்தார்.

“இது யாருக்கு?”

“செபாஸ்டியன் மாமாவுக்கு.”

மாஸ்டர் கை பிளாஸ்க்குக்குப் போயிற்று. “அப்ப இது?”

“அதுவும் செபாஸ்டியன் மாமாவுக்குத்தான் சார். எத்தன கூறு இருந்தாலும் அவருக்குத்தான்.” லியோனார்ட் குரலைக் கூட்டினான். “அன்னிக்கு என் வாயால வந்த பேரு மாமா. அன்னிக்கே வந்து ஒங்க கையப் புடிச்சிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிக்குங்க.”

செபாஸ்டியன் எழுந்தார். இந்தத் தடவை குழந்தையம்மாள் பிடிக்கவில்லை. அவர் மேடை ஏறி மேசை அருகே போனபோது முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். மனிதருக்கு வீசுகிற பழக்கம் உண்டு. அவர் பிளாஸ்க்கை எடுத்தார். படியிறங்கி, நேரே ஆம்புரோஸின் முன்னால் போய் நின்றார்.

“கூறு கூறுதான் மச்சான்,” என்றார். “ஒரு வூட்டுக்கு ரெண்டு கெடையாது. இந்தா.”

ஆம்புரோஸ் பிளாஸ்க்கைப் பார்த்தார், மேடையில் நின்ற காத்தாடியைப் பார்த்தார். “ஒனக்குக் காத்தாடி, எனக்கு சுடுதண்ணியாலா?”

“எனக்குக் குளம்பு வந்தப்ப எப்பிடி இருந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?”

ஆம்புரோஸ் ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். “காத்தாடிய நடுச்செவுத்து மேல வையி மச்சான், ரெண்டு பக்கமும் திருப்பிக்கலாம்!” செபாஸ்டியனும் சிரித்துவிட்டார். மண்டபம் இடிந்து விழுவது போல் ஆர்ப்பாட்டம்.

“சாமி!” என்று கூப்பிட்டார் செபாஸ்டியன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மூணாவது ஓலை பாக்கி இருக்கு. நாளைக்கு வாசிச்சிடுங்க.”

“ஒன்றரை வருஷத்து ஓலை செல்லாதுப்பா. மறுபடியும் முதல்லேருந்து மூணும் வாசிக்கணும்.”

“ரெண்டு வாசிச்சாச்சே சாமி!” என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் சண்டைக்குப் போனார்கள். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். “லூமுட்டுக்கு நான் பக்குவமா சொல்லிக்கிறேன்,” என்று குழந்தையம்மாள் யாருக்கென்றில்லாமல் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

இத்தனை கூச்சலிலும் லியோனார்ட் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்ததோ என்னவோ, சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தான். பெட்ரீசியா மேடையைக் கடந்து அவன் பின்னால் போனாள். அவன் கழுத்தில் முடி வெட்டியவர் தட்டாமல் விட்ட துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவள் ஒரு விரலை எடுத்து அவன் தோளின் மேல் வைத்தாள்.

“இது யாருக்கு?” என்று கேட்டாள்.

கேட்டது மாஸ்டர் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. காது இரண்டும் சிவந்தன.

“பெட்ரீசியாவுக்கு,” என்றான்.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அவனைத் திரும்பச் சொன்னாள்.